கீர்த்தியின் இடது கை

கெங்கம்மா ஆயாவுக்குக் காலை வேளையில் கை ஓயாது. எல்.கே.ஜி. பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரையும் வரிசையில் நிறுத்தி, மூக்கைத் துடைத்து, சட்டையில் கைக்குட்டையை ஊக்கால் குத்தி, ஷூ நாடாவை முடிந்து உள்ளே அனுப்ப வேண்டும். கீர்த்தியின் முறை வந்ததும் அவளை மட்டும் திருப்பி நிறுத்துவாள். இன்னொரு கைக்குட்டையை எடுத்து அந்தப் பிள்ளையின் இடது மணிக்கட்டில் சுற்றி, யூனிஃபார்ம் பெல்ட்டின் பின்பக்கத்தோடு சேர்த்து இரண்டு முடிச்சு போடுவாள். கீர்த்திக்கும் அது பழகிப்போயிருந்தது. யாரும் சொல்லாமலே திரும்பி நின்று கையைப் பின்னால் நீட்டிக் கொடுப்பாள்.

ரமாபாய் அந்த வகுப்புக்கு ஆசிரியையாக வந்த முதல் நாள் பார்த்த முதல் காட்சி இதுதான்.

"இன்னா ஆயாம்மா பண்றீங்க?"

"இதுக்குப் பீச்சாங்கைப் பயக்கம் டீச்சர். அவுத்து வுட்டா அந்தக் கையிலதான் பென்சில எடுக்குது. முன்ன இருந்த டீச்சர் கட்டச் சொன்னாங்க, கட்றேன்."

ரமாபாய் கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். மணிக்கட்டில் வளையல் போட்டுக் கழற்றியது போல ஒரு தடம் இருந்தது.

"நாளையிலேர்ந்து கட்டாதீங்க."

"சார் கேட்டா?"

"டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க. எந்த டீச்சர்னு கேட்டா எம்பேரச் சொல்லுங்க."

அது 2002 ஜூன் மாதத்தின் கடைசி வாரம். ரமாபாய்க்கு இருபத்து நான்கு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. அப்பா பரசுராமனுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பிளஸ் டூ முடித்து, நர்சரி ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு, எண்ணூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இந்த நர்சரிப் பள்ளிக்கு வந்திருந்தாள். காலையில் பஸ் பிடித்துக் கொருக்குப்பேட்டை, அங்கிருந்து ரயில். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸிலிருந்தும் கம்பெனி வேலைக்காரர்கள் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள். ஏழு பேர் தாழங்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கீர்த்தி அந்த ஏழில் ஒருத்தி. நாலு வயது ஆகவில்லை.

கட்டு அவிழ்ந்த பிறகும் நாலு நாள் அவள் இடது கை பின்னாலேயே இருந்தது. வலது கையில் பென்சிலைக் குத்தூசி மாதிரி பிடித்து அழுத்துவாள். முனை ஒடியும். ஒடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள், அடி விழுமா என்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பள்ளியின் கரஸ்பாண்டண்ட் முதல் வாரமே ரமாபாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பிரீ கே.ஜி.யிலயே கேப்பிடல் லெட்டர் முடிச்சாச்சு. இந்த வருஷம் ஸ்மால் லெட்டர்ஸ். டிசம்பர்ல பேரண்ட்ஸ் டே. அன்னைக்கு நம்ம பசங்க மேடையில போர்டுல a டு z எழுதணும், நாலு கோட்டுக்குள்ள, கோடு தாண்டாம. அடுத்த வருஷ அட்மிஷன் அதை வெச்சுத்தான்."

பெரிய எழுத்தில் அவ்வளவு தொல்லை இல்லை. எல்லாம் ஒரே உயரம், பெரும்பாலும் குச்சி குச்சியாகக் கோடுகள். சின்ன எழுத்து அப்படி இல்லை. ஒன்று நெட்டையாக நிற்கும், ஒன்று குட்டையாக உட்கார்ந்திருக்கும், ஒன்று கோட்டுக்குக் கீழே வாலைத் தொங்க விடும். நாலு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தால் எதை எந்தக் கோட்டுக்கு நடுவே வைப்பது என்று தெரியாமல் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் அடைத்தார்கள்.

ரமாபாய் கரும்பலகையில் நாலு கோடு போட்டாள். மேல் இடைவெளியைக் காட்டி, "இது இன்னா தெரியுமா? வானம். நடுவுல கீறது படகு. அடியில கீறது தண்ணி" என்றாள். "a எங்க கீது? படகுல குந்திகினு கீது. b-க்குத் தலை வானத்துல இடிக்குது. இந்த g கீது பாரு, படகுல குந்திகினு காலத் தண்ணிக்குள்ள வுட்டு ஆட்டிகினு கீது."

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லாரும் காலை ஆட்டினார்கள். b-யும் d-யும் குழம்பியபோது அவளே நடந்து காட்டினாள். நோட்டில் எழுத்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். "இது தொப்பக்காரரு, b." பிறகு முதுகில் பையைப் போட்டுக் குனிந்து நடந்தாள். "இது ஆர்பர்ல மூட்ட தூக்கறவரு. முதுகுல மூட்ட. d." கஸ்பார் என்ற பையனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். "எங்க நைனா d!" என்று அவன் கத்தினான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் அநேகமாக யாரும் d-யைத் தவறாகப் போடவில்லை. ஒன்றிரண்டு பேர் போட்டால் கஸ்பார் போய்த் திருத்திவிட்டு வந்தான்.

ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட கரஸ்பாண்டண்ட் மதியம் அவளை நிறுத்தினார். "குந்திகினு, வுட்டுகினு... என்ன டீச்சர் இது? உங்க ஏரியா பாஷையை கேட்லயே விட்டுட்டு உள்ள வாங்க."

"பசங்களுக்கு எழுத்துதான் சார் புதுசு. அதச் சொல்ற வார்த்தையும் புதுசா இருந்தா எதப் புடிச்சிக்குவாங்க?"

அவர் இதை மனதில் குறித்துக்கொண்டார் என்பது திரும்பிய வேகத்தில் தெரிந்தது.

கீர்த்தி மட்டும் அந்த நாலு நாளுக்குப் பிறகு பென்சிலைத் தொடவே இல்லை. ஜூலை போய் ஆகஸ்ட்டும் வந்துவிட்டது. மற்றவர்கள் k-வுக்கு வந்திருந்தார்கள்.

கரஸ்பாண்டண்ட்டின் ஸ்கூட்டர் முற்றத்தில் நிற்கும். காலையில் துடைத்து வைத்தாலும் பதினோரு மணிக்குள் சீட்டின் மேல் மெல்லிய சாம்பல் படிந்துவிடும். எண்ணூரில் எல்லாவற்றின் மேலும் படிகிற சாம்பல். ஒரு நாள் இடைவேளையில் ரமாபாய் அந்தப் பக்கம் போனபோது சீட்டின் மேல் எழுத்துகள் இருந்தன. a, c, d, e. அதற்குப் பிறகு ஒரு g, வால் சீட்டின் விளிம்பிலிருந்து கீழே இறங்கியிருந்தது. d-யின் முதுகில் மூட்டை சரியான பக்கத்தில் இருந்தது.

ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம் கீர்த்தி நின்றிருந்தாள். இடது ஆள்காட்டி விரல் முழுக்கச் சாம்பல். டீச்சரைப் பார்த்ததும் அவள் அழவில்லை, ஓடவும் இல்லை. அப்படியே திரும்பி நின்று, கட்டுவதற்கு வசதியாக இடது கையைப் பின்னால் நீட்டினாள்.

ரமாபாய் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள்.

"யாரு எய்துனது இத?"

கீர்த்தி தரையைப் பார்த்தாள்.

"சூப்பரா கீது. g மட்டும் இன்னும் கொஞ்சம் காலத் தண்ணிக்குள்ள வுடணும். வுட்டுக் காட்டு."

கீர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாம்பலில் விரலை வைத்து வாலை இன்னும் ஒரு அங்குலம் இழுத்துவிட்டாள்.

"இந்தக் கையால மிஸ்?" அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"ஆமா. இந்தக் கையாலதான்."

அன்று மதியம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரமாபாய் நாலு கோடு நோட்டைத் திறந்தாள். பென்சிலை இடது கையில் எடுத்து எழுதிப் பார்த்தாள். எழுதியதைக் கையே மறைத்தது, கையே தேய்த்து அழித்தது. பென்சிலை இழுக்க முடியவில்லை, தள்ள வேண்டியிருந்தது. எதிரே இருந்த பூக்கார அம்மா, "இன்னாம்மா, சோத்தாங்கைக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆவலம்மா, இந்தக் கையோட பேஜாரு இன்னான்னு பாக்குறேன்" என்றாள் ரமாபாய். நோட்டின் மேல் பக்கத்தை வலது புறமாகச் சாய்த்து வைத்தபோது கை கோட்டுக்குக் கீழே வந்தது, எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. பென்சிலைக் கொஞ்சம் மேலே பிடித்தபோது தேய்ப்பதும் நின்றது. கொருக்குப்பேட்டை வருவதற்குள் ஒரு பக்கம் a எழுதிவிட்டாள். கோணல் மாணலாக, ஆனால் a.

மறுநாள் கீர்த்தியைப் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றினாள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காமல் இருக்க. நோட்டைச் சாய்த்து வைத்தாள். பென்சில் எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினாள். இரண்டு வாரத்தில் கீர்த்தி k-வைப் பிடித்துவிட்டாள். வீட்டில் என்ன சமையல், அப்பா மனோகரன் எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனார், பூனை எத்தனை குட்டி போட்டது என்று எழுதிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். நிறுத்தத்தான் முடியவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் கீர்த்தியின் அம்மா அங்கம்மா பள்ளிக்கு வந்தாள். மீன் விற்றுவிட்டு வெறும் அலுமினியத் தட்டோடு நேராக வந்திருந்தாள்.

"டீச்சரம்மா, எம்பொண்ணு கைய அவுத்து வுட்டியாமே?"

"ஆமாக்கா."

"யாரக் கேட்டு அவுத்த? வூட்லயும் இப்ப அந்தக் கையாலயே பென்சிலத் தூக்கிகினு திரியிது. பீச்சாங்கையால எய்துனா இன்னா படிப்பு வரும்? நாளைலேர்ந்து கட்டு."

"நான் கட்ட மாட்டேன்க்கா. கட்டணும்னா நீங்களே வந்து கட்டுங்க."

அங்கம்மா அவளை முறைத்துப் பார்த்துவிட்டு நேராக கரஸ்பாண்டண்ட் அறைக்குப் போனாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. "பேரண்ட்டே கம்ப்ளெயின்ட் பண்றாங்க. இனிமே நான் என்ன செய்ய முடியும்? திங்கக்கிழமையிலேர்ந்து அந்தப் பொண்ணு ரைட் ஹேண்ட்ல எழுதணும். இல்லன்னா நீங்க வேற இடம் பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமை வரைக்கும் டைம் கீதுல்ல சார்" என்று சொல்லிவிட்டு ரமாபாய் வெளியே வந்தாள்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. ஆனாலும் அவள் ரயிலேறி எண்ணூருக்குப் போனாள். மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் வரிசையில் அங்கம்மா மூன்றாவதாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு மூன்று பேர் நின்றதால் ரமாபாய் வந்ததை அவள் பார்க்கவில்லை. ஒரு பெரிய வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மீனை அழுத்திப் பிடித்திருந்தது. கத்தி இடது கையில் இருந்தது. ஒரே அளவாக, ஒரே வேகத்தில் துண்டுகள் விழுந்தன. வெட்டி முடித்ததும் கத்தியை வைத்துவிட்டு, துண்டுகளை வலது கையால் அள்ளிப் பையில் போட்டு, வலது கையால் நீட்டினாள்.

கூட்டம் விலகியதும் ரமாபாய் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கத்தி எந்தக் கையில கீதுக்கா?"

அங்கம்மா சட்டென்று கத்தியைக் கை மாற்றினாள். மாற்றிய பிறகு தான் செய்தது அவளுக்கே புரிந்தது. முகம் சிவந்தது.

"வெட்றதுக்கு இதான் தோதாக் கீது. குடுக்கறப்ப மட்டும் அந்தக் கையி. இல்லன்னா மூஞ்சச் சுளிப்பாங்க."

"நீங்க இஸ்கூலுக்குப் போனீங்களா?"

அங்கம்மா மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். ஈயை ஓட்டினாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணாவது போனேன். நாலு மாசம். பலப்பத்த இந்தக் கையில எடுத்தா வாத்தியாரு ரூல் தடியால முட்டி மேலயே போடுவாரு. அந்தக் கையில எடுத்தா எய்த வராது. எய்த வர்லன்னு அதுக்கும் போடுவாரு. கை பன்னு மாதிரி வீங்கிப் போச்சி. அப்பால நான் கடலாண்ட போய்க் குந்திக்கினேன். எங்க நைனா கேட்டதுக்கு, எனுக்குப் படிப்பு வர்லன்னு சொல்ட்டேன். அத்தோட சரி. ரேசன் கடையில இன்னைக்கும் கைநாட்டுதான்."

"எல்லாம் தெரிஞ்சுமா கீர்த்தி கையக் கட்டச் சொல்றீங்க?"

"தெரிஞ்சதாலதாம்மா!" அங்கம்மாவின் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். "கட்டி வுட்டா அடி வியாது. இப்பவே பயகிடும். நான் பட்டது அதுக்கு வேணாம். அதான்."

இதை ரமாபாய் எதிர்பார்க்கவில்லை. பிறகு பையிலிருந்து கீர்த்தியின் நோட்டை எடுத்துப் பிரித்து, ஈரம் படாமல் தன் மடியிலேயே வைத்துக் காட்டினாள். a முதல் m வரை. பக்கம் பக்கமாக.

"உங்க பொண்ணு எய்துனது. அந்தக் கையால. என் வகுப்புல கை நீட்டி அடிக்கறவங்க யாரும் இல்ல. யாராவது வந்தா மொதல்ல என்னத் தாண்டித்தான் வரணும்."

அங்கம்மாவுக்கு அந்த எழுத்துகளில் ஒன்றும் தெரியாது. ஆனால் கோடு தாண்டாமல் வரிசையாக நிற்கின்றன என்பது தெரிந்தது. நோட்டைத் தொட வந்து, கையெல்லாம் செதில் என்று நிறுத்திக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"திங்கக்கெயம நான் வந்து அந்த சாருகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள் கடைசியாக.

சொன்னபடி வந்தாள். "நான்தான் கம்ப்ளெய்ண்டு குட்த்தேன், நானே வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று கரஸ்பாண்டண்ட்டிடம் சொன்னாள். அவர் இதெல்லாம் அப்படி வாபஸ் வாங்குகிற விஷயம் இல்லை என்று ஆரம்பித்தார். "எம்பொண்ணு, எம்பொண்ணு கையி. வேற யாருத இது?" என்று கேட்டுவிட்டு அங்கம்மா நடையைக் கட்டினாள்.

எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விடும். ரமாபாயின் ரயிலுக்கு அதன் பிறகு முக்கால் மணி நேரம் இருந்தது. அங்கம்மா பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறவள் உடனே போகாமல் வராந்தாவில் உட்கார ஆரம்பித்தாள். முதலில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒரு நாள், "அதுக்குச் சொல்லிக் குடுக்கறத எனக்கும் ஒரு தபா காட்டு டீச்சரம்மா" என்றாள். கெங்கம்மா ஆயா உடைந்த ஸ்லேட் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து தந்தாள். முப்பது வயதுப் பெண், இடது கையில் பலப்பத்தைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, a எழுதினாள். தமிழ் எழுத்தும் சேர்த்துக் கேட்டாள். அ-வை விட a சுலபமாக வந்தது. கீர்த்தி பக்கத்தில் நின்று, "எம்மா, படகுல குந்த வைய்யி, படகுல" என்று அதட்டினாள்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை பெற்றோர் நாள். முதல் நாளே கரஸ்பாண்டண்ட் ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தார். மேடையில் சின்ன எழுத்து எழுதப் பன்னிரண்டு பிள்ளைகள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளும் கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். குப்பத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

"அவங்க குரூப் சாங்ல பின்னால நிக்கட்டும்" என்றார்.

"எழுதறதுல அவங்கள்ல நாலு பேரு மத்தவங்களவிட நல்லா எழுதறாங்க சார்."

"லிஸ்ட் லிஸ்ட்தான் டீச்சர்."

ரமாபாய் பட்டியலை நாலாக மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் ஹாலில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. குப்பத்துப் பெற்றோர் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார்கள். பிரார்த்தனைப் பாட்டு முடிந்தது, கரஸ்பாண்டண்ட் பேசி முடித்தார். ரமாபாய் மைக்கைப் பிடித்தாள்.

"இப்போ எல்.கே.ஜி. குழந்தைகள் சின்ன எழுத்து எழுதிக் காட்டுவாங்க. முதலில் கீர்த்தி."

கரஸ்பாண்டண்ட் முன்வரிசை நாற்காலியிலிருந்து அரைவாசி எழுந்தார். அதற்குள் கீர்த்தி ஓடிவந்து கரும்பலகைக்கு முன்னால் போட்டிருந்த ஸ்டூலில் ஏறிவிட்டாள். இடது கையில் சாக்பீஸை எடுத்தாள். a, b, c என்று எழுத ஆரம்பித்தாள். g-யின் கால் தண்ணீரில் நன்றாக இறங்கியது. l, m, n. யாரோ ஒரு பெண், "லெஃப்ட் ஹேண்டா?" என்று கிசுகிசுத்தாள். o, p, q.

"ரைட் ஹேண்ட் கீர்த்தி, ரைட் ஹேண்ட்" என்றார் கரஸ்பாண்டண்ட். எல்லாருக்கும் கேட்கும்படி, சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

கீர்த்தியின் கை நின்றது. சாக்பீஸ் விழுந்தது. இடது கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போய் பெல்ட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.

ரமாபாய் ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் பின்னாலிருந்து அங்கம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள். காலையில் வியாபாரம் முடித்து அப்படியே வந்தவள். நாற்காலிகளுக்கு நடுவே அவள் கடந்தபோது ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்தாள். அங்கம்மா அதைப் பார்த்தாள், நிற்கவில்லை. மேடையேறிக் கீழே கிடந்த சாக்பீஸை இடது கையால் எடுத்தாள். q-வுக்குப் பக்கத்தில் r எழுதினாள். அடுத்து s. அது அவளுக்கு எப்போதும் தகராறு செய்கிற எழுத்து. திரும்பிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றது.

"எம்மா! தப்பு!" கீர்த்தி கத்தினாள். பின்னால் போன கை தானாக முன்னால் வந்தது. "அது அந்தாண்டப் பாக்குது. இந்தாண்டப் பாக்கணும்." உள்ளங்கையால் s-ஐத் துடைத்துவிட்டு, அம்மா கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, சரியாக எழுதினாள். நிற்காமல் t, u, v என்று z வரைக்கும் போய், கடைசிக் கோட்டை இழுத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. கைதட்டலும் சேர்ந்து வந்தது.

அங்கம்மாவுக்கு மைக் தேவைப்படவில்லை. "சாரு, நான் பத்து வயசுலேர்ந்து இந்தக் கையாலதான் மீன் வெட்றேன். இங்க குந்திகினு கீற பாதிப் பேரு வூட்ல எம்மீனுதான் கொதிக்குது. எந்தக் கையால வெட்னன்னு யாராச்சும் கேட்டீங்களா? துன்னும்போது கேக்காதது இப்ப மட்டும் இன்னாத்துக்கு?"

கரஸ்பாண்டண்ட் வாட்சைப் பார்த்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து, "மிஸ், என் பையன் இன்னும் b-யையும் p-யையும் குழப்பறான். அந்தப் பொண்ணுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள். ரமாபாய் படகையும் தண்ணீரையும் விளக்கினாள், குந்திகினு, வுட்டுகினு என்றே. பிறகு குப்பத்துப் பிள்ளைகள் மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அதற்கப்புறம்தான் பட்டியல்.

திங்கட்கிழமை கரஸ்பாண்டண்ட்டின் மேஜை மேல் ஒரு தாள் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. இரண்டு வரிகள். அனுமதி பெறாமல் நிகழ்ச்சியை மாற்றியமைத்ததற்கு வருந்துகிறேன். இனி எல்லாக் குழந்தைகளையும் வலது கையால் மட்டுமே எழுதவைப்பேன்.

ரமாபாய் இரண்டு முறை படித்தாள். "மொத வரி நெசம் சார். கேக்காமதான் மாத்துனேன். அதுக்குக் கையெழுத்துப் போடறேன்." பேனாவை எடுத்து, இரண்டாவது வரியின் மேல் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"அடிச்சது எதுக்கு?"

"அது என்னால முடியாது சார். பொய்யாக் கையெழுத்துப் போடவும் முடியாது."

நடுவருடத்தில் எல்.கே.ஜி.க்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஏப்ரல் வரை அவளை வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசி நாள், அடுத்த ஆண்டு தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பா கேட்டார், "அன்னைக்கு ரெண்டு வரிக்கும் போட்டிருந்தா வேல தங்கிருக்குமா?"

"தங்கிருக்கும் நைனா."

பரசுராமன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அப்ப அடுத்ததத் தேடு. நான் இன்னும் ரிட்டயர் ஆவலியே" என்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, அங்கம்மா வியாசர்பாடிக்கு விசாரித்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பையில் சுறாப் புட்டுக்கு மீன். யு.கே.ஜி.யில் புதிதாக வந்த டீச்சர் கீர்த்தியின் கையை மாற்றப் பார்த்தார்களாம். அங்கம்மா தினமும் காலையில் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாளாம். ஒன்றும் பேசவில்லை. வெறுமனே நின்றாள்.

"மூணு நாளு நின்னேன். நாலாவது நாளு அந்தப் பொண்ணே வெளிய வந்து, போங்கம்மா, அது எந்தக் கையால வேணா எய்தட்டும்னு சொல்லிச்சி. வியாபாரம் கெட்டுச்சி மூணு நாளு. கெட்டாக் கெடட்டும்." ரேஷன் கடையில் கைநாட்டுக்கு மசியை நீட்டியவனிடம் பேனா கேட்டு வாங்கி, அங்கம்மா என்று எழுதிவிட்டு வந்ததையும் சொன்னாள். "ங்க-வுக்குக் கொஞ்சம் இடம் பத்தல. ஆனாப் போட்டேன்."

அந்த மாதத்தில் ரமாபாய் மூன்று பள்ளிகளில் நேர்காணலுக்குப் போனாள். மூன்றிலும் அவர்கள் கேள்விகளைக் கேட்டு முடித்த பிறகு அவள் ஒன்றைச் சொன்னாள்: "எங்கிட்ட இடது கைப் பிள்ளைங்க இடது கையாலதான் எழுதும். யாரு கையையும் கட்ட மாட்டேன். ஒத்து வந்தா சேத்துக்குங்க." முதல் பள்ளியில் தகவல் அனுப்புகிறோம் என்றார்கள். இரண்டாவதில், இதையெல்லாம் நீங்கள் ஏன் இப்போதே சொல்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது பள்ளி புளியந்தோப்பில் இருந்தது. தலைமையாசிரியை ரஹீமுன்னிசா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரியாக் கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க" என்றார். வெளியே குழாயடியில் பெண்கள் சத்தம். ரமாபாய் மறுபடி சொன்னாள், இந்த முறை இன்னும் சத்தமாக.

ரஹீமுன்னிசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "எல்.கே.ஜி. பி செக்‌ஷன். முப்பத்தொரு பேரு. எட்டே காலுக்கு பெல்லு" என்றார்.